வீடு மாறினதுல இருந்து வாஷிங் மெஷின் ஸ்பின்ல குதிக்குது, யாராச்சும் உதவுங்க

பெட்டிக்காடு:
எல்லாருக்கும் வணக்கம். முந்தாநாள் வீடு மாறினோம், பாதி சாமான் இன்னும் பெட்டியிலயே கிடக்கு, அதுக்குள்ள புதுத் தலைவலி. வாஷிங் மெஷின் ஃப்ரண்ட் லோட், 7 கிலோ, வாங்கி அஞ்சு வருஷம் ஆச்சு, பழைய வீட்ல அது ஓடுறதே தெரியாது. இங்க நேத்து முதல் தடவை போட்டேன், தண்ணி எடுத்துச்சு, மெதுவா சுத்துறப்ப லேசா நடுக்கம் இருந்துச்சு, சரி போகட்டும்னு விட்டுட்டேன், கடைசில ஸ்பின் வந்துச்சு பாருங்க, யாரோ சம்மட்டியால சுவத்த இடிக்கிற மாதிரி சத்தம், மெஷின் நின்ன இடத்துல இருந்து ஒரு அடி முன்னாடி நடந்தே வந்துருச்சு. ஓடிப்போய் ஸ்விட்ச ஆஃப் பண்ணேன். துணி கொஞ்சம்தான், கனமான போர்வை எதுவும் போடல. வண்டில நிமிர்த்தி நிக்க வச்சுதான் கொண்டு வந்தாங்க. உள்ள டிரம்ம கையால அழுத்திப் பாத்தேன், பாறை மாதிரி கெட்டியா நிக்குது, அசையக்கூட இல்ல, அதனால உள்ள எதுவும் உடையலன்னு நினைக்கிறேன். தரைதான் பிரச்சனையா?

சும்மா வந்தேன்:
தரைதாங்க. புது இடத்துல தண்ணி வடியிறதுக்கு சரிவு வச்சிருப்பாங்க. நாலு காலும் தரையில படுதான்னு பாருங்க, மேல ரெண்டு எதிர் மூலைய மாத்தி மாத்தி அழுத்தினா ஆடக்கூடாது. ஆடுச்சுன்னா அந்தப் பக்கத்துக் கால திருகி இறக்கணும். ரசமட்டம் இல்லன்னா ஃபோன்லயே ஆப் இருக்கு, மெஷின் மேல வச்சுப் பாக்கலாம். கால சரி பண்ணதும் அதுல இருக்கிற லாக் நட்ட மேல தள்ளி பாடியோட இறுக்கிடுங்க, நிறைய பேர் இத விட்டுடுவாங்க, நாலு துவைப்புல கால் திரும்ப லூசாயிரும்.

ஆறாவது வீடு:
அடில அட்டை, ரப்பர் ஷீட்னு எதையும் சொருகாதீங்க. நான் செஞ்சேன், ஈரத்துல அட்டை ஊறி ஒரு பக்கம் இறங்கி இன்னும் மோசமாச்சு.

பெட்டிக்காடு:
காலெல்லாம் சரி பண்ணிட்டேன், மட்டம் பக்காவா இருக்கு, காலியாவே ஸ்பின் போட்டேன், துணியே இல்ல, அப்பவும் அதே குதி. கீழ் வீட்ல இருந்து மேல வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்க, குடிவந்த மூணாவது நாளே இப்படி ஒரு அறிமுகம். டெக்னீஷியனக் கூப்பிடலாமா இல்ல புதுசுதான் வாங்கணுமா?

பழைய ஸ்பானர்:
தங்கச்சி, கொஞ்சம் பொறு. திரும்ப ஓட்டிப் பாக்காத, அதான் முக்கியம். நீ எழுதினதுலயே ஒண்ணு இடிக்குது. டிரம் பாறை மாதிரி நிக்குதுன்னு நல்ல செய்தியா சொல்ற பாரு, அதுதான் கோளாறு. ஃப்ரண்ட் லோட்ல டிரம் எதோடயும் கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்காது, மேல ஸ்ப்ரிங்ல தொங்கும், கீழ டேம்பர், அதாவது ஆட்டத்த அடக்குற தண்டு, தாங்கும், அதோட கனமான காங்கிரீட் கட்டி ஒண்ணு கட்டியிருப்பாங்க. கையால அழுத்தினா கொஞ்சம் கீழ போய் மேல வந்து அடங்கணும். அப்படி ஆடுறதால தான் நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்து சுத்துறப்ப அந்த அதிர்ச்சி வெளிப்பாடிக்கு வராது. அசையவே இல்லன்னா யாரோ டிரம்ம பூட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். பின்பக்கம் டிரான்சிட் போல்ட், அதாவது வண்டில கொண்டு போறப்ப டிரம் ஆடாம பூட்டுற போல்ட், மாட்டி இருக்கா?

பெட்டிக்காடு:
டிரான்சிட் போல்ட்டா? இருங்க அண்ணா, மெஷின் புஸ்தகம் வச்ச கவர்ல நீளமா போல்ட் இருக்கு, வாங்கினப்ப மாட்ட வந்தவர் கழட்டிக் குடுத்தது. அது கவர்லயே இருக்கு, அப்ப மெஷின்ல இருக்காதுல்ல?

பழைய ஸ்பானர்:
கவர்ல எத்தன இருக்கு, எண்ணு.

பெட்டிக்காடு:
ரெண்டு. கூட பிளாஸ்டிக் மூடி மாதிரி ரெண்டு.

பழைய ஸ்பானர்:
மூணு இல்லன்னா நாலு வரும், ரெண்டே ரெண்டு நான் பாத்ததில்ல. அந்த மூடி, போல்ட் கழட்டின ஓட்டைய அடைக்கிறது, அது வெளிய கிடக்குன்னா அந்த ஓட்டைல வேற ஏதோ இருக்கு. பின்பக்கம் பாரு.

ஆறாவது வீடு:
இது நடக்குற வரைக்கும், ஃப்ரிட்ஜ் எப்படி வந்துச்சு? அதையும் பாத்துக்கோங்க. படுக்க வச்சு கொண்டு வந்திருந்தா உடனே ஆன் பண்ணக்கூடாது, கம்ப்ரஸர்ல இருக்கிற எண்ணெய் குழாய்க்குள்ள போயிருக்கும், அது திரும்பி இறங்கணும்.

பெட்டிக்காடு:
ஃப்ரிட்ஜ் படுத்துதான் வந்துச்சு, ஒரு மூணு மணி நேரம். இன்னும் ஆன் பண்ணல, எக்ஸ்டென்ஷன் ஒயர் எந்தப் பெட்டில இருக்குன்னே தெரியல, அதுவும் நல்லதுக்குத்தான் போல. மெஷின திருப்ப ஒரு ஆள் வேணும், 65 கிலோ, என் தம்பி சாயங்காலம் வருவான்.

ஆறாவது வீடு:
மூணு மணி நேரம் படுத்துச்சுன்னா குறைஞ்சது மூணு மணி நேரம் நிமிந்து நிக்கணும், ராத்திரி முழுக்க நின்னா இன்னும் நல்லது, உங்களுது ரெண்டு நாளா நிக்குது, கவலையே இல்ல. சுவத்தோட ஒட்டி வைக்காதீங்க, பின்னாடி சூடு வெளிய போக இடம் வேணும். ஆன் பண்ணின உடனே சாமான அடுக்காதீங்க, உள்ள 4 டிகிரிக்கு இறங்கட்டும், அதுக்கே பல மணி நேரம் ஆகும். எக்ஸ்டென்ஷன்ல போடாம நேரா சுவத்து ப்ளக்ல போடுங்க.

சும்மா வந்தேன்:
பெட்டில என்ன இருக்குன்னு பெட்டி மேல எழுதியிருப்பீங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினதும் எழுத்து மறைஞ்சிருக்கும், அதானே? பக்கவாட்டுல எழுதணும், அதுவும் ரெண்டு பக்கம். நான் மூணாவது தடவைதான் கத்துக்கிட்டேன்.

பெட்டிக்காடு:
அதேதான் நடந்துச்சு. இருபத்தேழு பெட்டி, அதுல ஒம்போதுல "இதர"ன்னு நானே எழுதி வச்சிருக்கேன், இப்ப என்மேலயே எனக்குக் கோவம்.

பெட்டிக்காடு:
அண்ணா!!! தம்பி வந்தான், மெஷின திருப்பினோம். பின்னாடி ரெண்டு போல்ட். நான் எதுவும் கேக்குறதுக்கு முன்னாடியே அவன் சொல்றான், "நான்தான்க்கா மாட்டினேன், டிரம் ஆடாம வரட்டும்னு." எனக்குத் தெரியாம நல்லது செஞ்சிருக்கான். மத்த ரெண்டு மரை பிடிக்கல, அதுக்குள்ள வண்டி வந்துருச்சாம், அதனால கவர்லயே போட்டுட்டான். ஏண்டா சொல்லலன்னு கேட்டா, எழுதி ஒட்டியிருந்தேனேங்கிறான். பாத்தா ஒட்டித்தான் இருக்கு, "போல்ட் கழட்டாம ஓட்டாதே"ன்னு பெரிய எழுத்துல, மெஷினோட பின்பக்கம், சுவத்தப் பாத்து.

பழைய ஸ்பானர்:
ஹாஹா, மாட்டினது சரிதான் தங்கச்சி, அவன திட்டாத. போல்ட் போடாம தூக்கிட்டுப் போய் ஸ்ப்ரிங் கழண்டு, டிரம் ஒரு பக்கம் தொங்கி வந்த மெஷின் எத்தனையோ பாத்திருக்கேன். இப்ப ஸ்பானர் போட்டு கழட்டு, பெரும்பாலும் 10 இல்லன்னா 13 சைஸ், கழட்டினதும் ரப்பரோட சேத்து வெளிய இழு, ரப்பர் உள்ள தங்கிடக்கூடாது. அந்த ரெண்டு மூடியையும் ஓட்டைல அழுத்து. அப்புறம் டிரம்ம அழுத்திப் பாரு, ஒண்ணு ரெண்டு ஆட்டத்துல நிக்கணும், ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டே இருந்தா டேம்பர் அடி வாங்கியிருக்கு. பூட்டினபடி ரெண்டு தடவை ஸ்பின் ஓட்டியிருக்க, அதனால கையால டிரம்ம மெதுவா சுத்தி ஏதாச்சும் உரசுதான்னு காது குடு. துணி இல்லாம ஒரு முழு சைக்கிள் ஓட்டு, பக்கத்துலயே நில்லு.

ஆறாவது வீடு:
ஓட்டுறதுக்கு முன்னாடி குழாய்ல இருந்து ஹோஸ கழட்டி, ஒரு வாளி தண்ணி திறந்து விட்டுடுங்க. பூட்டிக் கிடந்த வீட்டுக் குழாய்ல துரு, மண்ணு எல்லாம் வரும், அது நேரா மெஷின் வாய்ல இருக்கிற சின்ன வலைய அடைச்சிரும்.

பெட்டிக்காடு:
முதல் வாளி காவி கலர்ல வந்துச்சு, நல்ல வேளை சொன்னீங்க. ரப்பரோட ரெண்டு போல்ட்டும் வந்துருச்சு, டிரம் ஒரு தடவை ஆடி நின்னுச்சு, உரசல் இல்ல. காலியா ஓட்டினேன், ஸ்பின்ல ஹூம்னு ஒரு சத்தம், அவ்ளோதான், மேல வச்ச டம்ளர் கூட நகரல. கீழ் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டாச்சு. நாலு போல்ட்டையும் ஒரே கவர்ல போட்டு மெஷின்லயே ஒட்டலாம்னு தம்பி டேப்ப எடுத்தான்.

பழைய ஸ்பானர்:
எந்தப் பக்கம்?

பெட்டிக்காடு:
அண்ணா, முன்பக்கம்தான் :) இப்ப எக்ஸ்டென்ஷன தேடுறோம், "இதர" இன்னும் ஆறு பாக்கி இருக்கு.