பேட்டை வீட்டு குரூப்புல ஞாயித்துக்கிழமை ராத்திரி

பெங்களூர் தம்பி: எல்லாரும் இத பாருங்க 👆 கேரி ஆன் சார்ஜென்ட், 1958ல வந்த இங்கிலீஷ் படம், பிளாக் அண்ட் வொயிட், சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது

அம்மு: மிலிட்டரி காமெடியா? பெரியப்பா பாத்தாரா

பெங்களூர் தம்பி: அவருக்குதான் மொதல்ல அனுப்னேன். செலவு கம்மிதான், இங்கிலாந்துல கில்ட்ஃபோர்டு பக்கத்துல நெஜமான மிலிட்டரி பேரக்லயே எடுத்துகீறாங்க. இது ஓடினதாலதான் அதே ‘கேரி ஆன்’ பேர்ல வரிசையா, இதையும் சேத்து 31 படம் வந்துது

ராணி அத்தை: எனக்கு புடிக்கல பா. எம்புள்ள அங்க பனியில நின்னுகினு கீறான், நாம இங்க மிலிட்டரிய வச்சு சிரிக்கிறதா. நம்ம பேட்டையில மிலிட்டரிக்கு ஆள் போகாத வீடு எது, சொல்லு

அம்மு: 😔

பெங்களூர் தம்பி: ஐயோ அத்தை நான் அப்டி நெனச்சு போடல

பெரியப்பா: ராணி நான் முழுசா பாத்துட்டுதான் சொல்றேன். படத்துல வர்ற பசங்க யாரும் தானா வந்தவங்க இல்ல, அப்ப அங்க 18 வயசு ஆனா ரெண்டு வருஷம் கட்டாயம் போவணும்னு சட்டம், நம்மள மாதிரி செலக்சன்ல வரிசையில நின்னு, ஓடி, நெஞ்ச அளந்து போனவங்க இல்ல, அதான் லெஃப்ட்டு ரைட்டு தெரியாம ஒருத்தன் மேல ஒருத்தன் முட்டிகினு விழறான். அத பாத்தா எனக்கு நான் ட்ரெய்னிங் எடுத்த வெலிங்டன் ஞாபகம்தான் வருது. ஊட்டி குளிரு, விடியறதுக்குள்ள ஃபாலின்னு வரிசையில நிக்கணும், ட்ரெய்னிங் குடுக்கற உஸ்தாத் தாயினே முட்னு, அதாவது வலது பக்கம் திரும்புன்னு கத்துவாரு, இந்தி ஒரு எழுத்து தெரியாத பசங்க பாதி பேரு இந்தப்பக்கம் பாதி பேரு அந்தப்பக்கம் திரும்பி மூஞ்சிய மூஞ்சி பாத்துகினு நிப்போம். யாரும் சிரிக்க கூடாது, சிரிச்சா ரகடா பனிஷ்மென்ட்டுதான். ராத்திரி பேரக்ல லைட்டு அணைச்ச பிறகு போர்வைய வாயில அடைச்சிகினு அவ்ளோ பேரும் சிரிச்சோம். அந்த சிரிப்பு இல்லன்னா முக்காவாசி பேரு ஊருக்கு ஓடி வந்திருப்போம் மா

மஞ்சு சித்தி: மாமா இதெல்லாம் நீங்க சொன்னதே இல்லியே

பெரியப்பா: யாரும் கேக்கல. படத்துல ஒருத்தன் டெய்லி சிக் ரிப்போர்ட்டுன்னு டாக்டர்கிட்ட போவான், அது இது வலிக்குதுன்னு, எங்க கூடவும் அச்சு அசலா அப்டியே ஒருத்தன் இருந்தான், திருவண்ணாமலை பக்கம். பின்னாடி எங்க எல்லாரையும் விட நல்லா சுட்டது அவன்தான்

அம்மு: கல்யாணத்தன்னிக்கே ஆர்டர் வந்து மாப்ள போறாரே, அந்த பொண்ணு பின்னாடியே போயி கேன்டீன்ல வேலைக்கு சேருதே, செம ❤️

மஞ்சு சித்தி: நம்ம அக்கா கதைதானே அது, கல்யாணமாகி 12ம் நாளே காட்பாடியில மாமாவ ட்ரெயின் ஏத்திட்டு வந்து அழுதுகினு இருந்தாங்க. அப்ப போன் ஏது

பெரியப்பா: அவ எழுதின லெட்டர் எல்லாம் இன்னும் ட்ரங்கு பொட்டியில கீது

பெரியப்பா: ராணி உனக்கு ஒன்னு சொல்றேன், சிரிப்புல ரெண்டு இருக்குது. நம்ம வேலூர் கோட்டையில 1806 ஜூலை 10 சிப்பாய் கலகம் எதனால நடந்துது, தோல் வச்ச தொப்பி போடு, நெத்தியில இட்டுக்காத, தாடி வேணாம்னு வெள்ளக்காரன் சிப்பாயோட மானத்துல கை வச்சான். அது சிரிக்கிற விசயம் இல்ல, அப்டி எவனாவது படம் எடுத்தா நானே விடமாட்டேன். இதுல அது இல்ல. அந்த சார்ஜென்ட் ரிட்டயர் ஆவப்போறாரு, கடைசி பேட்ச்சயாவது பெஸ்ட் பிளட்டூனா ஆக்கணும்னு அம்பது பவுண்டு பந்தயம் கட்டிட்டாரு, வந்ததோ இந்த மாதிரி ஆளுங்க. கத்தாம பொறுமையா சொல்லி பாக்கறாரு, ஒன்னும் ஆவல. அவர் போகப்போறது தெரிஞ்ச பிறகு அதே பசங்க கடைசி நாள் ஒன்னா கால் வச்சு நடக்கறானுங்க பாரு, எங்க உஸ்தாத், ட்ரெய்னிங் முடிச்சு சத்தியம் எடுக்கற கசம் பரேடு அன்னிக்கு மூஞ்சிய அந்தப்பக்கம் திருப்பிகினு நின்னாரு, அது எனக்கு அப்டியே கண்ணுல வந்துட்ச்சி. உன் புள்ளைக்கும் அந்த மாதிரி ஒரு உஸ்தாத் இருந்திருப்பான்

ராணி அத்தை: அண்ணா அவன் ட்ரெய்னிங் போன புதுசுல போன்ல அழுதான். அதான் எனக்கு மனசு கேக்கல

பெரியப்பா: தெரியும் மா

(இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

ராணி அத்தை: டேய் தம்பி தமிழ்ல எழுத்து வருமா அதுல

பெங்களூர் தம்பி: தமிழ் இல்ல அத்தை, அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன், பெரியப்பா வீட்டு மாடியில வேட்டிய ஸ்கிரீனா கட்டி படம் போட்டுடலாம், பெரியப்பா பக்கத்துல உக்காந்து சொல்லுவாரு

மஞ்சு சித்தி: நான் போண்டா போடறேன்

அத்தை பையன் (பார்டர்): இப்பதான் டவர் வந்துது, எல்லாத்தையும் படிச்சேன் மாமா 🙏 இங்க லிங்க் தொறக்கல. சைஸ் கொறச்சி ஃபைலா அனுப்பு டா, பேரக்ல பத்து பேரு கீறோம்

ராணி அத்தை: கண்ணு சாப்ட்டியா

அத்தை பையன் (பார்டர்): சாப்ட்டேன் மா. எங்க லங்கர் மெஸ்ல இன்னிக்கு சாம்பார்