புதுப்பிப்பு: ஏற்காடு மலைப்பாதையில் கையை நீட்டியவர்

போன வாரம் எழுதியதைப் படிக்காதவர்களுக்கு: இரவு பதினொன்றரைக்கு ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஒருவர் நடுரோட்டில் நின்றார். சட்டையெல்லாம் ரத்தம், ஒரு காலில் மட்டும் செருப்பு. பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியை இறக்காமல் ஒதுங்கிப் போய், சிக்னல் கிடைத்ததும் 108-க்குச் சொன்னேன். பயந்தாங்கொள்ளி என்று திட்டினீர்கள். சரி, நியாயம்தான்.

நேற்று அடிவாரத்து டீக்கடையில் விசாரித்தேன். காப்பித் தோட்டத்து ஆளாம். பைக்குக்குக் குறுக்கே காட்டெருமை வந்திருக்கிறது. சட்டையில் இருந்தது அவர் ரத்தமே இல்லை, பின்னால் உட்கார்ந்து வந்த மச்சானுடையது. ஆம்புலன்ஸ் வந்து இருவரையும் ஏற்றிப் போயிருக்கிறது. மச்சானுக்குத் தொடை எலும்பு முறிவு, பிழைத்துக்கொண்டார்.

‘நின்றிருந்தால் போலீஸ் கேஸ்’ என்றவர்களுக்கு: 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, உதவியவர் நல்லெண்ணத்தில் செய்ததற்காக அவர் மேல் வழக்குப் போட முடியாது. நான் நிற்காததற்கு அது காரணமும் இல்லை.

அன்று அவர் பள்ளத்தைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். கூட்டாளிகளுக்குச் சைகை செய்கிறார் என்று நினைத்துத்தான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். மச்சான் கிடந்தது அங்கேதானாம்.