விசுவாசமா கிரியையா: வாலிபர் வேதபாடத்தில் எப்படி விளக்குவது?

தலவாக்கலை_01
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் கூடுகையில் 45 நிமிட வேதபாடம் எடுக்கவேண்டும். மனுஷன் நீதிமானாக்கப்படுவது "விசுவாசத்தினாலேயே" என்று ரோமர் 3:28 சொல்கிறது. யாக்கோபு 2:24 "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" என்கிறது. பவுல், யாக்கோபு இரண்டு பேருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். வருகிறவர்களில் அங்கிலிக்கன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கப் பிள்ளைகள் எல்லோரும் உண்டு. சண்டையும் மூளக்கூடாது, மழுப்பவும் கூடாது. எங்கிருந்து தொடங்கலாம்?

நானுஓயா_வாசகன்
ஆபிரகாமின் வயதிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளே பக்கம் புரட்டிக் கணக்குப் போடட்டும். ஆதியாகமம் 15:6ல் அவன் விசுவாசித்தான், அது நீதியாக எண்ணப்பட்டது. 16:16ல் இஸ்மவேல் பிறக்கிறான், ஆபிரகாமுக்கு வயது 86. 17:24ல் விருத்தசேதனம், வயது 99. அப்படியென்றால் நீதியாக எண்ணப்பட்டுக் குறைந்தது 13 வருஷம் கழித்துத்தான் அந்தச் சடங்கு. ரோமர் 4:10ல் பவுல் பிடிப்பது இந்த இடத்தைத்தான். யாக்கோபு காட்டுவது 22ஆம் அதிகாரம். அங்கே ஈசாக்கு விறகு சுமக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். முதலாமவர் பேசுவது ஒருவன் ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளைப் பற்றி. மற்றவர் பேசுவது அந்த விசுவாசம் உயிரோடு இருக்கிறதா என்பதைப் பற்றி.

"கிரியை" என்ற சொல் ஒன்றே தவிர பொருள் ஒன்றல்ல. பவுல் தள்ளுவது "நியாயப்பிரமாணத்தின் கிரியைகளை". யாக்கோபு கேட்பது பசித்தவனுக்குச் சோறு, குளிரில் இருப்பவனுக்குத் துணி. யாக்கோபு கண்டிக்கிற "விசுவாசம்" 2:19ல் பிசாசுகளுக்கும் இருக்கிறது!

ரோமர் 4:4ஐ (கூலி கிருபை அல்ல, கடன்) நம் பிள்ளைகளுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர் (பாதி நாள் சம்பளம்) என்பது தேயிலைத் தோட்ட லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சூட்டோடு மத்தேயு 20ஐ வாசியுங்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு மலைக்கு (வேலைக்கு) வந்தவனுக்கும் முழுப்பேர் போடுகிற எஜமான். "அது எப்படி நியாயம்?" என்று யாராவது கோபப்பட்டால் பாடம் ஏறுகிறது என்று அர்த்தம்.

வழக்கமாகக் கெடுவது எபேசியர் 2ல். 8, 9ஆம் வசனங்களை (இரட்சிப்பு கிருபையினால், கிரியைகளினால் அல்ல) மனப்பாடம் செய்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடுவார்கள். 10ஆம் வசனம் நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. மூன்றையும் ஒரே மூச்சில் வாசிக்கவையுங்கள்.

பண்டாரவளை_பங்கு
மேலே சொன்னதோடு ஒன்று. கரும்பலகையில் முதலிலேயே இரண்டு வரிசை எழுதிவிடுங்கள். உங்கள் வேதாகமத்தில் விசுவாசம், கிரியை, நீதிமானாக்கப்படுதல். கத்தோலிக்கரான எங்கள் திருவிவிலியத்தில் நம்பிக்கை, செயல், ஏற்புடையவராக்கப்படுதல். பாதிச் சண்டை இந்தச் சொற்களால் வருவது.

"கத்தோலிக்கர் நற்செயலால் மோட்சத்தை வாங்கப் பார்க்கிறார்கள்" என்ற பேச்சு கட்டாயம் வரும். 1547ல் எங்கள் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கத்தின் ஆறாம் அமர்வில் முதல் விதியே அதைக் கண்டிக்கிறது: இறையருள் இல்லாமல் சொந்தச் செயல்களால் ஒருவர் ஏற்புடையவராகலாம் என்று போதிப்பது தவறு. 1999 அக்டோபர் 31ல் அவுக்ஸ்பேர்க்கில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஏற்புடையவராக்கப்படுதல் பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் கையொப்பமிட்டன. மெதடிஸ்ட் உலகப் பேரவை 2006ல் சேர்ந்தது. வேறுபாடு முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள், அது பொய்.

இன்னொன்று. ரோமர் 3:28ன் கிரேக்க மூலத்தில் "மட்டும்" என்ற சொல் இல்லை. சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் சேர்த்தார். உங்கள் தமிழில் அந்த வேலையை ஓர் ஏகாரம் பார்க்கிறது. லூத்தரைக் கிரியைக்கு எதிரியாக்கவும் வேண்டாம். விசுவாசம் சும்மா இருக்காது, நன்மை செய்துகொண்டே இருக்கும் என்று ரோமர் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார்.

தலவாக்கலை_01
மிக்க நன்றி. கடைசிப் பத்து நிமிடத்துக்கு நடைமுறை உதாரணம் ஒன்று வேண்டும். மண்சரிவு நேரத்தில் சபைகள் உலருணவுப் பொதி கொடுக்கின்றன. ஜெபத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பது சரியா?

மஸ்கெலியா_மழை
சரியில்லை. கொடுப்பதற்கு நிபந்தனை போட்ட நிமிஷம் அது கூலியாகிவிடுகிறது. ரோமர் 4:4ஐ அரைமணி நேரம் படிப்பித்துவிட்டு வாசலில் நாமே பேர் போடுகிற மாதிரி.

யாக்கோபு 2:16ல் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புகிறார்கள். நம் ஊர்க் குளிரில் அந்த வசனத்துக்கு உரையே வேண்டாம். ஜெபமும் பங்கீடும் வெவ்வேறு நேரத்தில், முடிந்தால் வெவ்வேறு இடத்தில் இருக்கட்டும். கோவிலுக்குப் போகிற குடும்பமும் பள்ளிவாசலுக்குப் போகிற குடும்பமும் கூச்சமில்லாமல் வரவேண்டும். பட்டியலை லய வரிசைப்படி எழுதுங்கள், சபை அங்கத்துவப்படி வேண்டாம். ஒரே அறையில் இரண்டு குடும்பம் இருந்தால் இரண்டாக எண்ணவேண்டும், அதிகம் தவறுவது இங்கேதான். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அரிசியை விடப் பால்மாவும் கம்பளியும் முதலில். பொதி வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுக்காதீர்கள், வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்கிற மத்தேயு 6:3 இருக்கிறது. ஆனால் கணக்கு வேறு விஷயம். பவுல் காணிக்கைப் பணத்தைத் தனியாகக் கொண்டுபோகவில்லை, யாரும் குற்றம் சொல்லாதபடி வேறு சகோதரரையும் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:18-21). எண்ணும்போது இரண்டு பேர், இருவர் கையொப்பம், சபைப் பலகையில் வரவு செலவு.

நேரம் மிஞ்சினால் யாக்கோபு 5:4ஐயும் வாசியுங்கள், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிற வசனம். தோட்ட நிர்வாகத்தைச் சொல்ல எல்லோருக்கும் வாய் வரும். சபையைக் கூட்டித் துடைக்கிற அக்காவுக்கு மாதம் எவ்வளவு, எத்தனையாம் திகதி கைக்குக் கிடைக்கிறது என்று அந்தப் பிள்ளைகளிடமே கேட்டுப்பாருங்கள்.