ஜிம்மி விங்க்ஃபீல்ட் நாட்டை விட்டுச் சென்றது ஒப்பந்தத் தகராறினாலா, நிறவெறியினாலா?

குளம்படி:
அமெரிக்காவின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பியை 1901, 1902 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அடுத்தடுத்து வென்ற ஜாக்கி (பந்தயக் குதிரை ஓட்டுபவர்) ஜிம்மி விங்க்ஃபீல்ட், 1904இல் அமெரிக்காவை விட்டு ரஷ்யாவுக்குப் போய்விட்டார். அந்தப் பந்தயத்தை வென்ற கடைசிக் கறுப்பின ஜாக்கி அவரே. அவரைக் குறித்து எழுதுகிறவர்களில் பெரும்பாலோர், நிறவெறி அவரை விரட்டியது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

1903இல் நியூயார்க்கின் ஷீப்ஸ்ஹெட் பே திடலில் நடந்த ஃப்யூச்சுரிட்டி பந்தயத்தில், ஜான் மேடன் என்ற பெரும் குதிரை முதலாளிக்காக 'தி மினிட் மேன்' குதிரையில் ஏறுவதாக விங்க்ஃபீல்ட் வாக்களித்திருந்தார். பிறகு வேறொருவர் 3,000 டாலர் தருவதாகச் சொன்னதும் மேடனைக் கைவிட்டு 'ஹை பால்' குதிரையில் ஏறினார். இரண்டு குதிரைகளும் வெல்லவில்லை. சினமுற்ற மேடன், இனி இவருக்கு எங்கும் சவாரி கிடைக்காதபடி செய்தார். வாக்குத் தவறியவருக்கு வேலை மறுக்கப்பட்டது. இதில் நிறம் எங்கே வருகிறது?

செங்காந்தள்:
நண்பர் குளம்படி அவர்கள் சொல்லும் ஃப்யூச்சுரிட்டி நிகழ்வை நானும் மறுக்கவில்லை. அதிகப் பணம் தருகிறவர் பக்கம் சாய்வது அக்காலத்து ஜாக்கிகளிடம் அரிதான வழக்கமன்று. ஆகவே அவர் வாக்குத் தவறினாரா என்று கேட்பதைவிட, இரண்டு முறை டெர்பி வென்ற ஒருவரை ஒரே முதலாளியின் கோபம் எப்படி முற்றாக வீழ்த்த முடிந்தது என்று கேட்பதே பொருத்தமானது.

1875இல் நடந்த முதல் டெர்பியில் ஓடிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர். வென்ற ஆலிவர் லூயிஸும் அவர்களுள் ஒருவர். முதல் 28 டெர்பிகளில் 15 அவர்கள் வென்றவை. அடிமைமுறைக் காலத்திலிருந்தே லாயங்களில் குதிரைகளோடு வளர்ந்தவர்களின் தொழில் அது. பரிசுத் தொகை பெருகி, ஜாக்கியின் வருமானம் மற்றவர்கள் பொறாமைப்படும் அளவுக்கு உயர்ந்த பிறகுதான் வெள்ளை ஜாக்கிகள் அவர்களை வெளியேற்ற முனைந்தார்கள். அதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. 1900இல் நியூயார்க் திடல்களில் அவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, கறுப்பின ஜாக்கி ஏறிய குதிரையைச் சுற்றி வளைத்து உள்வேலியோடு நெருக்கினார்கள், வழிமறித்தார்கள், சவுக்கால் அடிக்கவும் செய்தார்கள். நடுவர்கள் பார்த்தும் பாராதிருந்தார்கள். இதைக் கண்ட குதிரை உரிமையாளர், தமக்கு நிறவெறி துளியும் இல்லாவிட்டாலும், பெரும் விலை கொடுத்து வாங்கிய குதிரையை வேலியில் மோதவிட்டு முடமாக்கிக்கொள்ள விரும்பாமல் அடுத்த முறை வெள்ளை ஜாக்கியையே அமர்த்தினார். தடை உத்தரவு எதுவும் எழுதப்படாமலே ஒரு தொழிலிலிருந்து ஓர் இனமே அகற்றப்பட்ட விதம் இது. இப்படி ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மேடன் தம் பங்குக்கு ஒன்றைச் சாத்தினார்.

குளம்படி:
எல்லாக் கதவுகளும் மூடிக்கொண்டிருந்தன என்றால் ஜிம்மி லீயை எப்படி விளக்குவீர்கள்? அவரும் கறுப்பின ஜாக்கிதான். 1907 ஜூன் 5ஆம் தேதி லூயிவில்லின் சர்ச்சில் டவுன்ஸ் திடலில், அன்று ஓடிய ஆறு பந்தயங்களையும் அவர் ஒருவரே வென்றார். விங்க்ஃபீல்ட் போய் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் டெர்பி வென்ற அதே திடலில் நடந்தது இது.

கடல் கடந்தவர்கள் கறுப்பின ஜாக்கிகள் மட்டும்தானா? டாட் ஸ்லோன், டேனி மாஹர் போன்ற வெள்ளை அமெரிக்கர்களும் அந்த ஆண்டுகளில் இங்கிலாந்துக்குச் சென்று பொருளீட்டினார்கள். ஐரோப்பாவில் அமெரிக்கச் சவாரி முறைக்கு அப்போது பெரும் கிராக்கி இருந்தது.

விங்க்ஃபீல்டின் இயல்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1898இல் சிகாகோவின் ஹாத்தார்ன் திடலில் ஓடிய முதல் பந்தயத்திலேயே, மற்ற குதிரைகளுக்குக் குறுக்கே பாய்ந்து நான்கு குதிரைகள் மோதிக்கொள்ளக் காரணமானதால் ஓராண்டுத் தடை பெற்றார். 1902 டெர்பிக்கு முன்பு, மெக்டவல் என்ற குதிரை உரிமையாளரின் லாயத்திலிருந்த இரண்டு குதிரைகளில் எதில் ஏறுவது என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை நாஷ் டர்னர் என்ற வெள்ளை ஜாக்கிக்கு இருந்தது. பயிற்சியில் இரண்டையும் ஓட்டியவர் விங்க்ஃபீல்ட். 'ஆலன்-அ-டேல்' குதிரையின் உண்மையான வேகம் வெளியே தெரியாதபடி அதை அவர் அடக்கியே ஓட்டினார். டர்னர் ஏமாந்து 'தி ரைவல்' குதிரையைத் தேர்ந்தெடுத்தார். துணிச்சலும் தந்திரமும் மிகுந்த மனிதர் என்றே நானும் சொல்கிறேன். ஆனால் அந்தத் தந்திரம் ஒருநாள் மேடனிடம் பலிக்கவில்லை.

பழஞ்சுவடி:
இருவரும் அவர் குதிரை ஓட்டிய விதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. 1902 பந்தயத்தில் ஆலன்-அ-டேல் முன்னணியில் இருந்தபோதே கால் நொண்டத் தொடங்கியது. சர்ச்சில் டவுன்ஸ் திடலில் மணல் எங்கே ஆழமாகக் கிடக்கிறது என்பது விங்க்ஃபீல்டுக்கு அத்துப்படி. பின்னால் வந்த குதிரைகளை ஒவ்வொன்றாக அந்த ஆழமணலுக்குள் இறங்கும்படி ஒதுக்கிவிட்டு, நொண்டிக் குதிரையை மூக்களவு வித்தியாசத்தில் வெல்ல வைத்தார். அடுத்த ஆண்டு 'எர்லி' குதிரையை அவசரப்பட்டு முன்கூட்டியே விரட்டியதால் இரண்டாம் இடமே கிடைத்தது. அன்று வென்றிருந்தால் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டெர்பி வென்ற ஒரே ஜாக்கி என்ற பெயர் இன்றும் அவருக்கு இருந்திருக்கும்.

ரஷ்யாவுக்குப் போனதை நாடுகடத்தல் போலப் பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. அங்கே ஜெனரல் லாசரெவ், எண்ணெய்ச் செல்வர் மந்தாஷெவ் ஆகியோரின் குதிரைகளில் ஏறி, ரஷ்ய டெர்பியை நான்கு முறையும், ரஷ்ய ஓக்ஸ் பந்தயத்தை ஐந்து முறையும், வார்சா டெர்பியை இரண்டு முறையும் வென்றார். மாஸ்கோவின் நேஷனல் ஹோட்டலில் பணியாளரோடு வாழ்ந்தார். கென்டக்கியில் எந்த ஜாக்கிக்கு, வெள்ளையருக்கே ஆனாலும், அந்த வாழ்வு கிடைத்தது? ரஷ்யாவில் போட்டி பலவீனமானது என்று சொல்வோருக்கும் ஒரு செய்தி உண்டு. 1923இல், நாற்பது வயதைக் கடந்த பிறகு, பிரான்சில் குடியரசுத் தலைவர் பெயரால் நடந்த பெரும் பந்தயத்தை 'பகதூர்' என்ற குதிரையில் அவர் வென்றார். மொத்தத்தில் 2,500க்கும் மேற்பட்ட வெற்றிகள் அவர் கணக்கில் உள்ளன.

செங்காந்தள்:
பழஞ்சுவடி அவர்களே, வெளிநாட்டில் ஒருவர் நன்றாக வாழ்ந்தார் என்பதால் சொந்த நாடு அவரை வெளியே தள்ளவில்லை என்று ஆகிவிடாது. அவர் எப்போதெல்லாம் திரும்பியிருக்கலாமோ அப்போதெல்லாம் என்ன செய்தார் என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

புரட்சிக்குப் பின் 1919இல் செஞ்சேனை ஒடேசாவை நெருங்கியபோது, விங்க்ஃபீல்டும் வேறு சிலரும் 200க்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு ருமேனியா வழியாகப் போலந்துக்குப் புறப்பட்டார்கள். 1,000 மைலுக்கும் அதிகமான தொலைவு. வழியில் உணவு தீர்ந்து, சில குதிரைகளைக் கொன்று தின்ன வேண்டியதாயிற்று. சேர்த்த செல்வத்தை எல்லாம் இழந்த அந்த மனிதர், வார்சாவிலிருந்து கென்டக்கிக்குத் திரும்பவில்லை, பிரான்சுக்குத்தான் போனார். உலகப் போரில் ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்த பிறகு, 1941இல் வேறு வழியின்றி அமெரிக்கா வந்தபோது, இரண்டு டெர்பிகளின் வெற்றியாளருக்குக் கிடைத்தது சாலைப்பணிக் கூலி வேலையும், பிறகு தென் கரோலினாவின் ஐக்கன் ஊரில் லாய வேலையும்தான். 1953இல் மீண்டும் பிரான்சுக்கே போய்விட்டார். 1961இல் டெர்பியை ஒட்டி லூயிவில்லின் பிரவுன் ஹோட்டலில் நடந்த விருந்துக்கு முறையான அழைப்போடு வந்தவரை, முன்வாசலில் நிறுத்தி உள்ளே விட மறுத்தார்கள். நெடுநேரம் விளக்கிய பிறகே அனுமதித்தார்கள். இதையும் மேடனின் கணக்கிலா எழுதுவது?

குளம்படி:
1961இல் ஹோட்டல் வாசலில் நடந்தது 1903இல் லாயத்தில் நடந்ததற்குச் சான்றாகாது. 1941இல் அவருக்கு வயது ஏறத்தாழ அறுபது. அந்த வயதில் எந்த ஜாக்கிக்கும் யாரும் குதிரை கொடுப்பதில்லை. கறுப்பின ஜாக்கிகள் குறைந்துபோனதற்கும் பொருளாதாரக் காரணங்கள் உண்டு. நியூயார்க்கில் 1908இல் வந்த சூதாட்டத் தடைச் சட்டத்தால் 1911, 1912 ஆண்டுகளில் அங்கே பந்தயங்களே நடக்கவில்லை. இருந்த சவாரிகளுக்கே போட்டி கடுமையாகிவிட்டது.

செங்காந்தள்:
வேலை குறைந்தபோது யாருக்கு முதலில் குறைந்தது என்பதுதானே என் கேள்வி? நீங்கள் சொன்ன ஜிம்மி லீக்குப் பிறகு, 1911 டெர்பியில் ஜெஸ் கான்லி மூன்றாவதாக வந்தார். 1921இல் ஹென்றி கிங் ஓட்டினார். அதற்கடுத்து டெர்பியில் ஒரு கறுப்பின ஜாக்கி குதிரையேறியது 2000இல், மார்லன் செயின்ட் ஜூலியன். இடைப்பட்ட 79 ஆண்டுகளில் ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் மேடனிடம் வாக்குத் தவறியவர்களா? நியூயார்க்கின் திடல்கள் 1913இல் மீண்டும் திறந்தபோது வெள்ளை ஜாக்கிகளுக்கு அங்கே வேலை இருந்தது.

குளம்படி:
அந்த 79 ஆண்டுகளுக்கு நிறவெறியைத் தவிர வேறு விளக்கம் கேட்டு நான் இந்த விவாதத்தைத் தொடங்கவில்லை. 1904இல் கப்பலேறிய ஒரு தனி மனிதரைப் பற்றியே பேசினேன். வெள்ளை ஜாக்கிகளின் நெருக்குதல் 1900இலேயே தொடங்கிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதன் பிறகுதான் அவர் இரண்டு டெர்பிகளை வென்றார், மூன்றாவதில் இரண்டாமிடம் வந்தார். ஃப்யூச்சுரிட்டிக்குப் பிறகே அவருக்குச் சவாரி கிடைப்பது அரிதாயிற்று.

பழஞ்சுவடி:
அந்த மூன்று டெர்பிகளும் லூயிவில்லில் நடந்தவை. நெருக்குதல் நடந்ததும் மேடனின் செல்வாக்கு ஓங்கியிருந்ததும் நியூயார்க்கில். பெரும்பணம் புழங்கிய இடமும் அதுதான். கென்டக்கியில் வென்று கொண்டிருந்தவர் நியூயார்க்கில் கால் ஊன்ற முடியாமல் போனதற்கு இரண்டு காரணங்களும் ஒரே திடலில் காத்திருந்தன. மேடனோடு சமாதானம் ஆகியிருந்தாலும், மறுநாள் அதே உள்வேலியோரம் அதே ஜாக்கிகளுக்கு நடுவில்தான் அவர் குதிரை ஓட்டியாக வேண்டும்.