எஃப்டிஆர் என்ஃபீல்ட்: பேரல் சூடேறினால் குண்டு மேலே ஏறுகிறது, உதவி தேவை

ஒன்டாரியோ குமரன்:
போன மாதம் லீ என்ஃபீல்ட் (பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி) ஒன்று வாங்கினேன். தொழிற்சாலையில் முழுசாகப் பழுதுபார்த்ததற்கான எஃப்டிஆர் முத்திரை உண்டு, பார்க்கப் புதுசு மாதிரி. 100 கஜத்தில் முதல் மூன்று குண்டு ஒரே இடத்தில் விழுகிறது. அப்புறம் ஒவ்வொன்றாக மேலே ஏறிப் போகிறது. பேரல் போய்விட்டதா? ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் போட்டி, சீக்கிரம் சொல்லுங்கள்.

மேல்மலை:
எந்த மார்க் (மாடலின் எந்தப் பதிப்பு)? எந்தத் தொழிற்சாலை? என்ன தோட்டா? ரிசீவரின் (பேரல் மாட்டியிருக்கும் இரும்பு உடம்பின்) இடப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

கந்தகம்:
பழைய ராணுவத் தோட்டாவாக இருக்கும். அதிலுள்ள கார்டைட் என்ற பழைய வகை வெடிமருந்து பேரலைச் சீக்கிரம் சூடாக்கும். தோட்டாவை மாற்றினால் சரியாகிவிடும்.

பழைய ஆர்மரர்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன், தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. "என்ஃபீல்ட்" என்றால் எதை என்று நினைப்பது? எஃப்டிஆர் என்பது ஃபேக்டரி தரோ ரிப்பேர். ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, தேய்ந்ததை மாற்றி, புதுத் துப்பாக்கியின் அளவுக்குக் கொண்டுவருவார்கள். அப்படி வந்ததில் பேரலைச் சந்தேகப்படுவது வீண். சுடுபவர் தோளைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்டாரியோ குமரன்:
மன்னிக்கவும் அண்ணா. நம்பர் 4 மார்க் 1/2. மால்ட்பி 1943. எழுத்தெல்லாம் மின்பென்சிலால் கீறியது. தோட்டா புதுசு, குண்டின் எடை 174 கிரெயின்.

சுழியன்:
மால்ட்பியா! அதைச் சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். போர்க்கால அவசரத்தில் செய்தது, கடைசல் வரி அப்படியே தெரியும். உள்ளே குண்டைச் சுழலவைக்கும் காடி இரண்டே உள்ள பேரல் வேறு. ஃபசாக்கர்லி தொழிற்சாலையில் 1950-க்குப் பிறகு வந்த மார்க் 2 வாங்கியிருக்க வேண்டும்.

மேல்மலை:
இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மால்ட்பியின் வெளிப்பூச்சு கரடுதான், ஆனால் தோட்டா உட்காரும் அறை, போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் தண்டு) ஓடும் தடம் மாதிரி வேலை செய்யும் இடங்களில் அளவு பிசகாது. இரண்டு காடி பேரலைச் சுட்டுச் சோதித்து, குறியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்ட பிறகுதான் அனுமதித்தார்கள். ஃபசாக்கர்லி மார்க் 2-இலும் பளபளப்பெல்லாம் கிடையாது, பாஸ்பேட் பூச்சின் மேல் கறுப்புச் சன்கோரைட் பெயின்ட்தான். அது துரு வராமலிருக்க. சுடும் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வங்கக்கரை:
இந்தியாவில் செய்த இஷாப்பூர் 2ஏ என்ஃபீல்டைக் கையில் பிடித்தவர்கள் இப்படிச் சண்டை போட மாட்டார்கள். 7.62 நேட்டோ தோட்டாவுக்காகவே செய்தது.

சுழியன்:
அது பழைய நம்பர் 1 மாடலின் உடம்பு, குமரனுடைய நம்பர் 4 இல்லை. எதற்கு இங்கே?

வங்கக்கரை:
நம்ம ஊர் போலீஸ் எத்தனை வருஷம் 303 தோட்டா போடும் என்ஃபீல்டை நம்பித் தூக்கியது! உத்தரப் பிரதேசத்தில் 2020-இல்தான் விடை கொடுத்தார்கள். உழைக்கும் தரம் என்றால் அதுதான்.

தச்சன்மகன்:
குமரன், இவர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் முன்கட்டையை, அதாவது பேரலுக்கு அடியிலுள்ள மரத்தைப் பாருங்கள். மார்க் 1-இல் ட்ரிகர், அதைச் சுற்றியுள்ள கார்டில் (காப்பு வளையத்தில்) தொங்கும். மரம் ஈரத்தில் ஊதினாலும் வற்றினாலும் ட்ரிகர் இழுவை மாறும். அதனால்தான் மார்க் 2-இல் ட்ரிகரை ரிசீவரிலேயே மாட்டினார்கள். உங்களுடைய 1/2 அப்படி மாற்றியது, அதற்காக முன்கட்டையின் பின்முனையை வெட்டி, குறுக்கே ஒரு திருகு போல்ட் போட்டிருப்பார்கள். அது இருக்கிறதா?

அடுத்தது, பேரல் நுனியைக் கட்டைவிரலால் மரத்திலிருந்து மேலே தூக்குங்கள். எதிர்ப்பு தெரிந்து, விட்டதும் திரும்பிப் படிய வேண்டும். மரம் 2 முதல் 7 பவுண்டு வரை பேரலை மேல்நோக்கி அழுத்துவது முறை. அப்புறம் திருகுகளைக் கழற்றி முன்கட்டையை இழுங்கள். நன்றாக இழுத்தால்தான் வர வேண்டும். தானாக நழுவினால் ரிசீவரின் பின்பக்கம் மரம் தாங்கும் இடம் தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு பின்னால் நகர்ந்து வேறு இடத்தில் உட்காரும்.

பழைய ஆர்மரர்:
எஃப்டிஆரில் மரப் பொருத்தத்தையும் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள்.

தச்சன்மகன்:
பார்த்தார்கள், எழுபது வருஷத்துக்கு முன்னால். அதன் பிறகு கிடங்கில் வற்றியது, வியாபாரி கழற்றி வேறு மரம் போட்டது எதுவும் அந்த முத்திரையில் இல்லை.

மேல்மலை:
ஹெட்ஸ்பேஸும் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) பார்த்துவிடுங்கள். 0.064 அங்குல கேஜை (அளவுக் கட்டையை) வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.074-இல் மூடக் கூடாது. போல்ட்டின் முன்னால் மாட்டும் போல்ட் ஹெட் 0 முதல் 3 வரை அளவுகளில் உண்டு. கேஜ் இல்லாமல் கையால் மாற்றிப் பார்க்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒன்டாரியோ குமரன்:
குறுக்கு போல்ட் இருக்கிறது. திருகு கழற்றியதும் முன்கட்டை கையோடு வந்துவிட்டது. கிளப் ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) தேய்ந்த இடத்தைச் செதுக்கி, கடின மரத் துண்டு ஒட்டித் தந்தார். இப்போது சூடேறினாலும் ஏறவில்லை. எல்லாருக்கும் நன்றி.

மேல்மலை:
நல்லது. கேஜ் போட்டுப் பார்த்தாரா? போல்ட் ஹெட் எத்தனை?

கந்தகம்:
எதற்கும் தோட்டாவையும் மாற்றிப் பாருங்கள்.