ஹால்கி பள்ளியை மூடியது யார்?

கடற்காகம்: ஒரு பயணக் காணொளி பார்த்தேன். இஸ்தான்புல் ஓரமாக, மர்மரா கடலில் இருக்கும் ஹெய்பெலியாடா தீவு. அங்கே குன்றின் மேலே பாதிரியார்களை உருவாக்கும் ஹால்கி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ இறையியல் பள்ளி. 1971ல் துருக்கி அரசு அதைக் குறிவைத்து மூடியதாம், காணொளி போட்ட தம்பி கண் கலங்குகிறார். யாரும் குறிவைக்கவில்லை. தனியார் உயர்கல்வியை அனுமதித்த பிரிவுகளை அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது. இஸ்தான்புல்லின் ராபர்ட் கல்லூரி என்ற தனியார் கல்லூரியின் உயர்கல்விப் பகுதிகூட அப்போதுதான் அரசிடம் போய் போஸ்பரஸ் பல்கலைக்கழகம் ஆனது.

மெழுகுத்திரி: சரி, அடி எல்லோருக்கும்தான். 1984ல் பில்கென்ட் என்ற தனியார் பல்கலைக்கழகம் வந்துவிட்டதே. அப்புறமும் 1844ல் தொடங்கிய ஹால்கிக்கு மட்டும் ஏன் பூட்டு?

கடற்காகம்: பேச்சு 1971 பற்றி. 1984க்கு ஓடாதீர்கள். குறிவைத்தார்களா இல்லையா? இல்லை. அவ்வளவுதான்.

ஊர்சுற்றி: நான் நேரில் பார்த்தவன். பெரிய மரக் கட்டடம், சன்னலெல்லாம் உடைந்து பாழாகக் கிடக்கிறது. பாவம்.

கடற்காகம்: ஐயா, நீங்கள் பார்த்தது பக்கத்துத் தீவான பியூக்கடாவில் இருக்கிற அனாதை இல்லம். 1964ல் மூடியது. ஹால்கி 1894 நிலநடுக்கத்தில் இடிந்து, இரண்டே வருடத்தில் எழுந்து, இன்றும் பராமரிப்பில் இருக்கிறது. படகில் தப்பான துறையில் இறங்கிவிட்டு இங்கே வந்து பாவம் பார்க்கிறார்.

ஊர்சுற்றி: இறங்கவாவது செய்தேன். நீங்கள் நாற்காலியை விட்டு இறங்கியதுண்டா?

மெழுகுத்திரி: அவர் இப்படித்தான். 2020ல் இஸ்தான்புல்லில் அருங்காட்சியகமாக இருந்த ஆயா சோபியாவை மறுபடி மசூதி ஆக்கியபோதும் "நீதிமன்றத் தீர்ப்பு, அரசுக்குச் சம்பந்தமில்லை" என்று இதே பாட்டு. தீர்ப்பு வந்த அன்றே ஆணையில் கையெழுத்துப் போட்டது யாராம்? அதிபர் எர்தோகன்தானே?

கடற்காகம்: அந்த விவாதத் திரியில் தோற்ற கடுப்பு இன்னும் போகவில்லை போல. திரும்பச் சொல்கிறேன், 1971ல் குறிவைக்கவில்லை. அரசுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்திருந்தால் பள்ளி ஓடியிருக்கும். சேர மாட்டோம் என்றது திருச்சபை.

மெழுகுத்திரி: பாதிரியார்களுக்கு என்ன பாடம் நடத்துவது என்பதை அரசா முடிவு செய்யும்? சிறுபான்மையினர் சொந்தச் செலவில் பள்ளி நடத்தலாம் என்று துருக்கி கையெழுத்திட்ட 1923 லோசான் அமைதி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இந்தத் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தை பர்த்தலோமேயு ஹால்கியில் படித்து 1961ல் வெளிவந்தவர். அடுத்து வருகிறவர் எங்கே படிப்பார்?

உப்புமூட்டை: 2009ல் ஒபாமா துருக்கி நாடாளுமன்றத்திலேயே நின்று திறக்கச் சொன்னார். எர்தோகனோ கிரீஸில் உள்ள மேற்குத் திரேஸ் பகுதி முஸ்லிம்களின் முஃப்தி (மதத் தலைவர்) விவகாரத்தைக் காட்டி, கிரீஸும் இறங்கி வரட்டும் என்று சொல்லிவந்தார். குறிவைக்காத பள்ளிக்கு எதற்கு இந்தப் பேரம்?

கடற்காகம்: இன்னொருவர் 2009க்கு ஓடுகிறார். திரேஸில் முஃப்தியை நியமிப்பது கிரேக்க அரசு. அதைக் கேட்க இங்கே ஒருவருக்கும் வாயில்லை.

மெழுகுத்திரி: அதுவும் தப்புதான். அதற்கும் ஹால்கி மாணவனுக்கும் என்ன சம்பந்தம்?

கடற்காகம்: ஒப்பந்தம் என்று ஆரம்பித்தது நீங்கள். எனக்கு 1971 போதும். நீதிமன்றம், சட்டம், எல்லோருக்கும் பொது. குறிவைத்ததற்கு ஒரே ஒரு ஆணையைக் காட்டுங்கள்.

மெழுகுத்திரி: திறக்கச் சொல்லி ஒரே ஒரு ஆணையை நீங்கள் காட்டுங்களேன்.

ஊர்சுற்றி: அந்த மரக் கட்டடத்தின் படம் என்னிடம் இருக்கிறது. போடவா?

கடற்காகம்: அது அனாதை இல்லம் ஐயா!