கோபக்காரனுக்கு கோல்ஃப் வருமா?

குடமுருட்டி:
தம்பி பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஆபீஸ் ஆட்களோடு சேர்ந்து கோல்ஃப் பழக ஆரம்பித்து ஆறு மாதம். "உனக்குக் கோபம் ஜாஸ்தி, இந்த ஆட்டம் உனக்குச் சரிப்படாது" என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம். கோபம் எங்கள் குடும்பச் சொத்து, மறுக்கவில்லை. ஆனால் அதுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்? கை பழகினால் பந்து போகும். குணம், மனசு எல்லாம் தோற்றவன் சொல்லும் சாக்கு.

வெண்ணாறு:
ஒப்ப மாட்டேன் தம்பி. எனக்கு நீடாமங்கலம். வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஒன்பது வருஷம் புல் வெட்டினேன். ஆடியதில்லை, பார்த்தது ஏராளம். விடியற்காலையில் கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், மெஷின் ஓட்டிவிட்டு பங்கர் மணலை வாரிக்கொண்டு நிற்போம். ஒரு பெரிய மனுஷர் வருவார். முதல் மூன்று குழி அருமையாகப் போகும். நாலாவதில் ஒரு சின்ன பட், அதாவது குழிக்குள் உருட்டிவிடுகிற அடி, தவறும். குனிந்து தரையைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார். நான் புல்லைச் சரியாக வெட்டவில்லையாம்! அடுத்த ஷாட்டுக்கு மட்டையைப் பிடிக்கும்போதே விரல் முட்டியெல்லாம் வெளுத்திருக்கும். பந்து வலது பக்கம் வளைந்து குளத்துக்குள் போய்விடும்.

பிடி இறுகினால் முன்கை விறைக்கும், மணிக்கட்டு திரும்பாது, மட்டையின் முகம் திறந்தபடியே பந்தில் படும். கோபம் கைக்கு இறங்குகிற வழி இதுதான். கிரிக்கெட்டில் அடுத்த பந்து உடனே வந்துவிடும். இங்கே அடித்துவிட்டு இருநூறு மீட்டர் நடக்கணும். செய்த தப்பும் கூடவே நடந்து வரும்.

கல்லணைக்காரன்:
அண்ணன் கட்சிதான் நானும். 1999 பிரிட்டிஷ் ஓப்பன், கார்னூஸ்டி மைதானம். பிரான்ஸின் ழான் வான் டி வெல்ட் கடைசிக் குழியை ஆறு ஷாட்டில் முடித்தாலே கோப்பை. அடக்கி ஆடியிருக்கலாம், ரொம்ப தூரம் அடிக்கிற டிரைவர் மட்டையை எடுத்தார். இரண்டு ஷாட் கழித்துப் பந்து ஓடைக்குள். ஷூ, சாக்ஸைக் கழற்றி, பேண்டை மடித்துவிட்டு, நாற்றங்காலில் இறங்குகிற மாதிரி தண்ணீரில் நின்றார். ஏழு ஷாட் ஆனது. சமன் ஆகி, முடிவுக்காக நடந்த பிளே-ஆஃபில் பால் லாரி ஜெயித்தார். மனுஷர் கோபக்காரர் இல்லை, வீம்பு. வீம்பும் குணம்தானே?

குடமுருட்டி:
பாதிக் கதையை விட்டுவிட்டீர்களே சார். இரண்டாவது ஷாட் பார்வையாளர் மேடைக் கம்பியில் பட்டுத் திரும்பி வந்தது. கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் "என்ன தைரியம்!" என்று இதே வாய்தான் பேசும்.

நானும் ஒன்று சொல்கிறேன். 2021 மாஸ்டர்ஸ் போட்டி, இரண்டாம் நாள். கொரியாவின் சிவூ கிம் 15வது குழியில் பட்டரை, அதாவது பட் செய்கிற மட்டையை, தரையில் ஓங்கிக் குத்தி வீணாக்கிவிட்டார். அதற்கப்புறம் கிரீனில் தூரம் அடிக்கிற மூன்றாம் நம்பர் வுட் மட்டையை வைத்தே பட் செய்தார். மிச்சக் குழிகளை எல்லாம் 'பார்' கணக்கில், அதாவது குழிக்கென்று வகுத்த ஷாட் எண்ணிக்கையிலேயே, முடித்தார்! கை பழகியவனுக்குக் கோபம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

சாப்பு:
திருவையாற்றில் மிருதங்கம் படிப்பவள், கோல்ஃப் டிவியில்தான். இரண்டு பேருமே கோபத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். மேடையில் பயந்தாலும் கோபப்பட்டாலும் எங்களுக்கு முதலில் கெடுவது காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் சீரான வேகம். கை தானாக ஓட ஆரம்பிக்கும், ஓடுவது நமக்கே தெரியாது. கோல்ஃப் ஸ்விங்கும் அப்படித்தான் தெரிகிறது. பின்னால் நிதானமாகப் போக வேண்டிய மட்டை அவசரத்தில் பாதியிலேயே திரும்பிவிடும்.

வட அயர்லாந்து ஆட்டக்காரர் ரோரி மக்கில்ராயைப் பாருங்கள். 2011 மாஸ்டர்ஸில் நாலு ஷாட் முன்னிலையோடு கடைசி நாள் இறங்கி, 80 ஷாட் எடுத்துத் தோற்றார். 2025-இல் அதே மைதானத்தில் முதல் குழியிலேயே இரண்டு ஷாட் கூடுதலாகப் போனது, 13-இல் பந்து தண்ணீரில், 18-இல் சின்ன பட் தவறியது. இருந்தும் பிளே-ஆஃபில் ஜெயித்து மண்டியிட்டு அழுதார். நமக்கு அன்று சித்திரை முதல் நாள் விடியற்காலை, அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார், நான் டிவி முன்னால். அந்த ஆள் சாந்தசொரூபி எல்லாம் இல்லை. பதற்றம் முகத்திலேயே தெரிந்தது. பிளே-ஆஃபில் மட்டும் கை அவசரப்படவில்லை.

குடமுருட்டி:
காலப்பிரமாணம் என்றால் பழக்கத்தில் வருவதுதானே? அப்போது என் கட்சி!

சாப்பு:
தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது எல்லோருக்கும் வரும் அண்ணா.

வெண்ணாறு:
தம்பி, உங்கள் தம்பி இதுவரை எத்தனை மட்டை உடைத்தார்?

குடமுருட்டி:
ஒன்றுதான். பட்டர். முழங்காலில் வைத்து வளைத்துவிட்டான். உடனே வேறு எடுத்துக்கொண்டானாம்.

வெண்ணாறு:
அது கூடாது. ஆட்டத்தின் நடுவில் கோபத்தில் கெடுத்த மட்டைக்கு மாற்று எடுக்க விதியில் இடமில்லை. கிம் எதற்கு வுட்டால் பட் செய்தார் என்று நினைத்தீர்கள்?